எஃப்.சி. சோதனை: கண்ணால் பார்த்த இடத்தில் கருவி வந்தால் என்ன மாறும்?

லாரி, பேருந்து, வாடகை கார், ஆட்டோ போன்ற வாகனங்களின் தகுதிச் சான்று (எஃப்.சி.) தொடர்பான விதிகள் கடந்த சில ஆண்டுகளில் மூன்று வகையில் மாறியுள்ளன. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சோதனை என்ற கணக்கு 2018இல் மாறியது. சோதனையை ஆய்வாளரின் கண்ணிலிருந்து கருவிக்கு மாற்றும் ஏற்பாடு 2021இல் விதியாக வந்தது. வாகனத்தின் வயது கூடக்கூடக் கட்டணமும் கூடும் முறை 2022இல் தொடங்கியது. இம்மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததால், எந்த வண்டிக்கு எது பொருந்தும், கருவி எதை அளக்கிறது, தேறாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றில் குழப்பம் நீடிக்கிறது. கட்டணத்தைப் பற்றியே பேச்சு அதிகம் நடக்கிறது. ஆனால் உரிமையாளரை உண்மையில் பாதிக்கப்போவது சோதனை முறையில் வந்துள்ள மாற்றம்தான்.

எந்த வண்டிக்கு எஃப்.சி.?

மோட்டார் வாகனச் சட்டம், 1988 வாகனங்களை இரண்டாகப் பிரிக்கிறது.

1. போக்குவரத்து வாகனம்: கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றும் வண்டிகளும், பள்ளி, கல்லூரிப் பேருந்துகளும் இதில் அடங்கும். சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி இவற்றுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். வழக்கில் இதையே எஃப்.சி. என்கிறோம்.

2. போக்குவரத்து அல்லாத வாகனம்: சொந்தப் பயன்பாட்டுக்கான கார், பைக் போன்றவை. இவற்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் ஆய்வுக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். ஆகவே சொந்தக் கார் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் வண்டியை எஃப்.சி. காட்ட வேண்டும் என்று பரவும் செய்திகளுக்கு இப்போதைக்கு அடிப்படையில்லை. ஆனால் 56ஆவது பிரிவைச் சொந்த வாகனங்களுக்கும் விரிவுபடுத்த வழிசெய்யும் உட்பிரிவு ஒன்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது. இன்னும் யாரும் உள்ளே நுழையவில்லை.

இந்த இரு பிரிவுகளைத் தவிர, அரசு வாகனங்களுக்குத் தனி விதி ஒன்று உண்டு: 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. இவற்றுக்குச் சோதனை என்ற கேள்வியே எழாது.

போக்குவரத்து வாகனங்களுக்கான கால இடைவெளி இப்போது வயதைப் பொறுத்தது. எட்டு வயது வரையிலான வண்டிக்குச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கும், எட்டு வயதைத் தாண்டிய வண்டிக்கு ஓராண்டுக்கும் செல்லும். புதிய வண்டிக்கு முதல் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு. ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற பழைய நடைமுறை, இன்று எட்டு வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே பொருந்துகிறது.

தேதி கடந்தால் சட்டம் வண்டியை எப்படிப் பார்க்கிறது?

பலரும் எஃப்.சி.யைக் காப்பீடு, புகைச் சான்று போன்ற இன்னொரு காகிதமாகவே நினைக்கிறார்கள். 56ஆவது பிரிவின் வாசகம் அதைவிடக் கடுமையானது: செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. ஆர்.சி. புத்தகம் கையில் இருந்தாலும், சான்று காலாவதியான அன்றிலிருந்து அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத வண்டி. இதன் விளைவுகள் மூன்று.

1. அபராதம்: பதிவில்லாத வண்டியை ஓட்டியதற்கான 192ஆவது பிரிவின் கீழ் முதல் முறை 5,000 ரூபாய் வரையும், அடுத்த முறை 10,000 ரூபாய் வரையும் விதிக்கலாம். மீண்டும் செய்யும் குற்றத்துக்குச் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

2. தாமதக் கட்டணம்: காலாவதியான பின் புதுப்பித்தால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணத்தை மத்திய விதிகள் வகுத்துள்ளன. பட்டறையில் மாதக்கணக்கில் நிற்கும் லாரிக்கு இதுவே பெரிய தொகையாகிவிடும்.

3. காப்பீடு: இதுதான் மூன்றிலும் கனமானது. தற்காலிகப் பதிவு காலாவதியான வாகனம் விபத்தில் சிக்கிய வழக்கொன்றில், பதிவின்றி ஓட்டியது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. எஃப்.சி. இல்லாத வண்டியும் பதிவில்லாத வண்டிக்குச் சமம் என்பதால், காப்பீட்டு நிறுவனங்கள் இதே வாதத்தை எஃப்.சி. வழக்குகளிலும் முன்வைக்கின்றன. பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வகையிலும் தீர்ப்புகள் வந்துள்ளன. ஒரு லாரி மட்டுமே வைத்திருப்பவருக்கு அந்த லாரியின் விலையைவிடப் பெரிய கடனாக அது முடியக்கூடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எஃப்.சி. கையில் இருப்பதாலேயே வண்டி சரியாக இருக்கிறது என்றாகிவிடாது. பழுதான வண்டியைச் சாலையில் ஓட்டுவது 190ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். நேற்று வாங்கிய சான்று இன்று தேய்ந்த டயருக்குப் பாதுகாப்பாகாது. விதிகளைப் பின்பற்றாத நிலைக்கு வண்டி வந்துவிட்டதாகத் தெரிந்தால், காரணத்தை எழுத்தில் பதிந்து சான்றை இடையிலேயே ரத்து செய்யவும் அதிகாரம் இருக்கிறது.

பழைய முறை: பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்

மோட்டார் வாகன ஆய்வாளருக்கு மக்கள் வைத்த பெயரே ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’. அவர் வண்டியைச் சுற்றி வருவார், விளக்குகளைப் போடச் சொல்வார், ஹாரனை அடிக்கச் சொல்வார், டயரைப் பார்ப்பார், மைதானத்தில் சற்றுத் தூரம் ஓட்டச் சொல்லிப் பிரேக் போடச் சொல்வார். எல்லாம் திருப்தியானால், சான்று செல்லும் தேதி வண்டியின் பக்கவாட்டில் எழுதப்படும்.

இந்த முறையில் பெயின்டுக்கு மதிப்பு அதிகம். டிங்கரிங் பார்த்து, புதுப் பெயின்ட் அடித்து, ஒளிர்பட்டைகளை ஒட்டி, எண்ணைத் தெளிவாக எழுதி வண்டியை நிறுத்தினால் பாதி வேலை முடிந்ததாகவே எண்ணப்பட்டது. சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் பழைய டயருக்குத் திரும்புவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறியாத செய்தியல்ல. ஆய்வாளர் நேர்மையானவராக இருந்தாலும் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஓடிவரும் வண்டி பிரேக் போட்டதும் நின்றது என்பதைக் கண் காணும். இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒரே அளவு பிடித்தனவா என்பதைக் காணாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் இங்கேதான் தலையிட்டது. மத்திய அரசு அறிவிக்கும் நாளுக்குப் பின், தானியங்கிச் சோதனை நிலையத்தில் சோதிக்கப்படாத வண்டிக்குச் சான்று தரக் கூடாது என்று அது சொன்னது. அந்த நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. கனரக வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1, நடுத்தர மற்றும் இலகுரக வாகனங்களுக்கு 2024 ஜூன் 1 என்று முதலில் கெடு குறிக்கப்பட்டது. நிலையங்கள் போதிய அளவு அமையாததால் அது 2024 அக்டோபர் 1 வரை தள்ளிப்போனது. நாடு முழுவதும் இந்த மாற்றம் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. நிலையம் இயங்கும் பகுதியில் கருவியும் இல்லாத பகுதியில் கண்ணும் என்று இரு முறைகளும் அருகருகே நடப்பதே குழப்பத்தின் முக்கியக் காரணம்.

கருவி எதை அளக்கிறது?

*பிரேக்*

தானியங்கி நிலையத்தில் வண்டிகள் அதிகம் தடுமாறும் இடமாகப் பிரேக்கையே எதிர்பார்க்க வேண்டும். தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட, சொரசொரப்பான மேற்பரப்புள்ள உருளைகளின் மேல் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களும் ஏறி நிற்கும். மோட்டார் அந்த உருளைகளை மெதுவாகச் சுழற்ற, சக்கரமும் சுழலும். ஓட்டுநர் பெடலைச் சிறிது சிறிதாக அழுத்தும்போது, சுழலும் உருளையைச் சக்கரம் எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்பதை உணரி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பதியும். சக்கரம் வழுக்கத் தொடங்கும் கட்டத்தில் உருளை நின்றுவிடும். இந்தப் பதிவிலிருந்து கிடைக்கும் தகவல்கள்:

1. மொத்தத் திறன்: எல்லாச் சக்கரங்களின் பிடிப்பு விசையையும் கூட்டி, வண்டியின் எடையோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வது.

2. இட–வல வேறுபாடு: எடுத்துக்காட்டாக, முன் அச்சில் இடச் சக்கரம் 10,000 நியூட்டனும் வலச் சக்கரம் 7,000 நியூட்டனும் காட்டுகின்றன என்று கொள்வோம். கூட்டினால் 17,000, வண்டி நிற்கத்தான் செய்யும், மைதானத்தில் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. ஆனால் வேறுபாடு 3,000, அதாவது கூடுதலாகப் பிடிக்கும் சக்கரத்தின் விசையில் 30 சதவீதம். மழை பெய்த சாலையில் திடீரென்று பிரேக் அடிக்கும்போது இந்த வண்டி இடப்பக்கம் இழுக்கும்.

3. அழுத்தாதபோது உள்ள இழுவை: பெடலில் கால் வைக்காமலே சக்கரம் உரசினால் அதுவும் பதிவாகும். டிரம் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் கூடு) சூடாவதற்கும் டீசல் வீணாவதற்கும் இதுவே காரணம்.

4. ஏற்ற இறக்கம்: பெடல் ஒரே அழுத்தத்தில் இருக்கும்போதும் விசை கூடிக் குறைந்தால், டிரம் வட்டம் பிசகியிருக்கிறது என்று பொருள்.

5. ஹேண்ட் பிரேக்: தனியாக அளக்கப்படும். நம் ஓட்டுநர்கள் பலர் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்துப் பழகியவர்கள். இந்தப் பிரேக் வேலை செய்கிறதா என்றே சோதனை நாளில்தான் தெரியவரும்.

செலவை மிச்சப்படுத்த ஒரு பக்கத்துக்கு மட்டும் லைனிங் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) மாற்றியிருந்தால், இரண்டாவது எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏர் பிரேக் லாரிகளில் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஒரு பக்கம் தளர்ந்தும் ஒரு பக்கம் இறுகியும் இருப்பது, ஹப் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் படிவது ஆகியவையும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு: பட்டறையிலிருந்து நேராகச் சோதனைக்கு வரும் வண்டியின் புது லைனிங், டிரம்மோடு இன்னும் முழுதாகப் படிந்திருக்காது. பணம் செலவழித்தும் எண் குறைவாக வருவதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

*ஸ்டியரிங்கும் அடிப்பாகமும்*

ஸ்டியரிங் வீலில் வெற்றாட்டம் (சக்கரம் திரும்பாமலே வீல் ஆடும் அளவு) 30 பாகையைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள பழைய வரம்பு. அதோடு, பக்க வழுக்கல் தட்டு என்ற ஒன்றும் இப்போது சேர்கிறது. வண்டி மெதுவாக அதன்மேல் உருளும்போது, சக்கரங்களின் கோணம் பிசகியிருந்தால் தட்டு பக்கவாட்டில் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர் என்று அளவு வரும். ஐந்து மீட்டர் என்று வந்தால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் டயர் ஐந்து மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. டயரின் ஓரம் மட்டும் சீக்கிரம் மொட்டையாகும் வண்டிகளின் உரிமையாளர்கள் இந்த எண்ணைத் தாங்களாகவே கேட்டுப் பெறலாம்.

கிங் பின், டை ராடு எண்ட், பட்டையின் ஷாக்கிள் போன்று சக்கரத்தைத் திருப்பும், தாங்கும் இணைப்புகளின் தளர்வைக் காண, சக்கரத்தின் கீழுள்ள தட்டுகள் முன்னும் பின்னும் அசைக்கப்படும். இங்கே கருவி அசைப்பதோடு சரி. குழியில் நின்று விளக்கடித்துத் தளர்வைக் கண்டுபிடிப்பவர் மனிதர்தான். ‘தானியங்கி’ என்ற பெயரைக் கேட்டு, முழுச் சோதனையிலும் ஆளின் தீர்ப்புக்கு இடமில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

*மற்றவை*

முகப்பு விளக்கின் ஒளி எவ்வளவு, எந்த உயரத்தில் விழுகிறது என்பது அளக்கப்படும். ஹாலோஜன் பல்புக்கென அமைந்த கூட்டில் எல்.இ.டி. பல்பை மாட்டிய வண்டிகளில் ஒளி சிதறுவதால் தேறுவது கடினம். டீசல் வண்டியில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாக அழுத்திப் புகையின் அடர்த்தி பார்க்கப்படும்: பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் எனும் புகை வெளியீட்டுத் தரம்) வருவதற்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகும், பி.எஸ். 4 வண்டிக்கு 50 அலகும் வரம்பு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டிய வண்டிகளில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரோடு நிற்க வேண்டும். டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்துகளுக்கு மத்திய விதி வகுத்த உச்சம் 60. வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிய கருவி, உருளையின் மேல் ஏறியதும் வெளிப்பட்டுவிடும். டயரின் பள்ளம் லாரி, காருக்கு 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஏர் ஹாரன், பாட்டு ஹாரன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வருவதே நல்லது.

கருவிக்குத் தெரியாதவை

2012 ஜூலையில், தாம்பரம் அருகே சேலையூரில் ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகச் சிறுமி ஒருவர் சாலையில் விழுந்து இறந்தார். பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழ்நாடு அரசு 2012இல் தனிச் சிறப்பு விதிகளை வகுத்ததன் பின்னணியில் இந்தத் துயரம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறையின் முடிவில் அதிகாரிகள் மைதானங்களில் பள்ளிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்வதைச் செய்திகளில் காண்கிறோம்.

அந்த ஓட்டையைப் பிரேக் உருளையோ, புகைமானியோ, விளக்குச் சோதனைக் கருவியோ கண்டுபிடித்திருக்காது. தளப் பலகையைக் காலால் மிதித்துப் பார்ப்பது, விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது, அவசர வழிக் கதவைத் திறந்து பார்ப்பது, துருப்பிடித்த சேஸைத் தட்டிப் பார்ப்பது ஆகியவற்றை ஆள்தான் செய்ய வேண்டும். தானியங்கி நிலைய விதிகளிலும் கண்ணால் பார்க்கும் ஆய்வு ஒரு பகுதியாக இருக்கிறது. ஆனால் வரிசையில் வண்டிகள் காத்திருக்கும்போது, எண்ணாகப் பதிவாகும் சோதனைகளுக்குக் கிடைக்கும் கவனம் எண்ணில்லாத இந்தச் சோதனைகளுக்கும் கிடைக்குமா என்பதே புதிய முறையில் கவலைக்குரிய இடம். பழைய முறையின் பலவீனம் அளக்காமல் விட்டது. புதிய முறை, அளக்க முடியாததை விட்டுவிடும் அபாயத்தைக் கொண்டிருக்கிறது.

தேறாவிட்டால்?

ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தேர்ச்சி, தோல்வி பதிவாகும்; முடிவுகள் நேரடியாகக் கணினியில் ஏறும். அடுத்த படிகள் இவை:

1. தோல்வி எந்தச் சோதனையில், எந்த எண்ணால் வந்தது என்ற அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். பட்டறைக்காரரிடம் ‘பிரேக்கில் ஃபெயில்’ என்று சொல்வதற்கும், ‘பின் அச்சில் வலப்பக்கம் குறைவு’ என்று சொல்வதற்கும் செலவில் பெரிய வேறுபாடு உண்டு.

2. பழுதைச் சரிசெய்து, கட்டணம் செலுத்தி, விதி தரும் காலத்துக்குள் மறுசோதனைக்கு விண்ணப்பிக்கலாம்.

3. முடிவில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம்.

4. இவை எதிலும் தேறாத வண்டி ‘ஆயுள் முடிந்த வாகனம்’ என்று அறிவிக்கப்பட்டு, உடைப்பு நிலையத்துக்குப் போகும் நிலை வரும். தகுதிச் சோதனையும் பழைய வாகன உடைப்புக் கொள்கையும் சந்திக்கும் புள்ளி இது.

சோதனை நிலையத்தை நடத்துபவர் வாகனப் பழுதுபார்ப்பிலோ, வாகன, உதிரிபாக விற்பனையிலோ ஈடுபடக் கூடாது என்று விதி சொல்கிறது. ‘இங்கேயே சரிசெய்து தருகிறோம்’ என்று நிலையத்தின் பெயரால் யாராவது அணுகினால், அது விதிக்குப் புறம்பானது.

வயதும் கட்டணமும்

2022 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டைக் கடந்த லாரி, பேருந்துகளுக்குச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் 12,500 ரூபாயாக உயர்ந்தது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் வயது அடுக்குகளை 10 ஆண்டிலிருந்தே தொடங்கி, 20 ஆண்டைக் கடந்த கனரக வாகனத்துக்கு 25,000 ரூபாய் என்று வைத்தது. லாரி உரிமையாளர்களின் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது: நல்ல பராமரிப்பில் உள்ள 16 வயது வண்டியும், கவனிப்பாரற்ற 16 வயது வண்டியும் சோதனைக்கு முன்பே ஒரே தொகையைக் கட்டுகின்றன. பழுதை அளக்கக் கருவி வந்த பிறகும் வயதை வைத்துக் கட்டணம் விதிப்பது, பழைய வண்டியை விட்டுவிடச் செய்யும் அழுத்தமே ஒழியப் பாதுகாப்புக்கான அளவுகோல் ஆகாது.

சோதனைக்கு முன் செய்ய வேண்டிய வரிசை

நாமக்கல், சங்ககிரி, கரூர் என வண்டி கட்டும், பழுதுபார்க்கும் ஊர்களில் எஃப்.சி. வேலை என்றால் டிங்கரிங், பெயின்டில் தொடங்கி இயந்திர வேலையில் முடிவதே பழக்கம். கருவிச் சோதனைக்கு இந்த வரிசை தலைகீழாக வேண்டும்.

1. வரி, காப்பீடு, புகைச் சான்று, பர்மிட் ஆகியவற்றின் தேதிகளை முதலில் பார்க்க வேண்டும். பி.எஸ். 4 முதலான வண்டிகளுக்குப் புகைச் சான்று ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும்.

2. பிரேக் வேலையைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் முடிக்க வேண்டும். லைனிங்கை அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றி, சில நடை பாரத்தோடு ஓட்டியபின் ஸ்லாக் அட்ஜஸ்டரை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

3. கிங் பின், டை ராடு எண்ட் வேலை முடிந்த பிறகே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முன்பே பார்த்தால் அந்தச் செலவு வீண்.

4. டயரின் காற்றழுத்தம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இது குறைந்தால் பிரேக், பக்க வழுக்கல், விளக்கின் உயரம் ஆகிய மூன்று எண்களும் பிசகும்.

5. டிங்கரிங், பெயின்ட், ஒளிர்பட்டை ஆகியவை கடைசியில் வரலாம். பம்பரைக் கழற்றி மாட்டினால் முகப்பு விளக்கின் கோணத்தை அதன் பிறகு ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

6. புகைச் சோதனைக்கு வண்டி சூடாக இருக்க வேண்டும். நிலையத்தின் வாசலில் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து அப்படியே உள்ளே விடுவதைவிட, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வரிசையில் சேர்ப்பது நல்லது.